ஜூனியர் டாக்டர் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

படிப்பு முடியப்போகிறது, ஜூனியர் டாக்டர் வேலையில் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தம், மரணம் எல்லாம் நாளடைவில் பழகிவிடும். (மரணச் செய்தியை வீட்டாரிடம் சொல்வது மட்டும் பழகவே பழகாது.) என்னைப் படுத்தியெடுத்தது வேறு. ராத்திரி மூன்று மணி. வார்டில் ஒருவருக்கு பிபி லேசாக இறங்கியிருக்கிறது, பல்ஸ் லேசாக ஏறியிருக்கிறது. சீனியரை எழுப்பினால் "இதுக்கா கூப்பிட்டே?" என்று விழும். எழுப்பாமல் விட்டால், விடியும்போது ஆள் ஷாக்கில் (பிபி அடியோடு விழுந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில்) கிடக்கலாம். செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உடல் உறுப்புகளே பழுதாகும் நிலை, பல நேரம் இப்படிப் பதுங்கித்தான் வரும். எழுப்பிவிடுங்கள், திட்டு வாங்கி எந்த டாக்டரும் செத்ததில்லை. பிபி, பல்ஸ், ஆக்சிஜன், சர்க்கரை, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் திட்டும் பாதியாகிவிடும்.

அடுத்தது தூக்கம். 1984-இல் நியூயார்க்கில் லிபி சியோன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தார். தூக்கமில்லாமல் களைத்த பயிற்சி மருத்துவர்கள் கவனித்ததுதான் காரணமோ என்று எழுந்த சர்ச்சையால்தான் அங்கே அவர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. வரம்பே எண்பது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! டியூட்டி முடிந்தபின் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் நேரமெல்லாம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

சரி, நல்லது? இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்த ஒரு பாட்டியை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். பக்கவாதம் என்று நினைத்து வீடே அழுதுகொண்டிருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 32. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "எதுக்கு இத்தனை பேர் சுத்தி நிக்கிறீங்க?" என்று அதட்டினார். அன்றைக்கு ராத்திரி எனக்குக் கால் தரையில் படவில்லை. எல்லா நாளும் இப்படி வாய்க்காது. வாய்க்கும் நாள் ஒன்று வந்தால், அது பல வாரத்துக்குத் தாங்கும்.

வேலையில் சேர்ந்ததும் வார்டு சிஸ்டர்களோடு நல்லபடியாக இருங்கள். சுருங்கிப்போன கையில் எந்த நரம்பில் ஊசி ஏறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். "எனக்கென்னவோ இவரைப் பார்த்தா சரியாப் படலை டாக்டர்" என்று அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் சொன்னால், சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.