கிளப் சைக்கிள் ரைடுக்கு என் ஹைபிரிட் போதுமா?

கேள்வி: வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 39. ஒரு வருடமாக ஹைபிரிட் (நேரான ஹேண்டில், கொஞ்சம் அகலமான டயர் உள்ள) சைக்கிளில்தான் டூட்டிக்குப் போய்வருகிறேன், ஒரு வழிக்கு 4 மைல். இங்குள்ள சைக்கிள் கிளப் ஒன்றில் ஞாயிறுதோறும் காலை 9.30-க்கு 'சோஷியல் ரைடு' கிளம்புகிறார்கள். பக்கத்தில் உள்ள கௌவர் தீபகற்பத்தில் 30 மைல், சராசரி வேகம் மணிக்கு 10 முதல் 12 மைல், நடுவில் கஃபே, யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று போட்டிருக்கிறது. சேர ஆசை. ஆனால் என்னால் எல்லோரும் காத்து நிற்க வேண்டி வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. ரோடு பைக் (வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர் உள்ள வேகமான சைக்கிள்) வாங்க வேண்டுமா? என்னவெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

பதில்: ரோடு பைக் இப்போது வேண்டாம். தெற்கு வேல்ஸில் பல வருடங்களாக இந்த மாதிரி ரைடுகளை முன்னின்று நடத்திவருகிறேன். சோஷியல் ரைடில் பாதிப் பேர் ஹைபிரிட்டில் வந்த நாட்கள் உண்டு. பிரேக் பிடிக்க வேண்டும், கியர் ஒழுங்காக மாற வேண்டும், டயரில் காற்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதம் வந்த பிறகும் ஆசை இருந்தால் அப்போது வாங்கலாம். மருத்துவமனையில் 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் (வேலை செய்யும் இடம் மூலமாகத் தவணையில் சைக்கிள் வாங்குவது) இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் தவணை கழிவதால் கணிசமாக மிச்சமாகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 10–12 என்ற எண்ணை. அது மேடு, பள்ளம், திருப்பம் எல்லாம் சேர்ந்த சராசரி. ஏற்றத்தில் 5 மைல் வேகத்தில் ஊர்கிறவர்கள் சமதளத்தில் 14, 15 போனால்தான் கணக்கு 11-க்கு வரும். கடற்கரைப் பாதையில் தனியாக 11-ல் போகிறவர், அதே வேகம் என்று நம்பி வந்து இரண்டாவது மேட்டிலேயே தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்வான்சீ மரினாவிலிருந்து மம்பிள்ஸ் வரை கடலோரப் பாதையில் சுமார் 5 மைல், முழுக்கச் சமதளம். 1807-லேயே கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிய மம்பிள்ஸ் ரயில் ஓடிய தடத்தை ஒட்டிய பாதை அது. ரயிலை 1960-ல் நிறுத்திவிட்டார்கள். அங்கே இரண்டு முறை போய்வந்தால் 20 மைல் ஆகிவிடும். அடுத்த வாரம் அதே பாதையின் நடுவில் வரும் பிளாக்பில்லில் திரும்பி, கிளைன் பள்ளத்தாக்கு வழியாக கௌவர்ட்டன் வரை போய்வாருங்கள். அதுவும் பழைய ரயில் தடம்தான். முதல் பாதி மெதுவாக ஏறும், ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும், அப்புறம் கௌவர்ட்டன் பக்கம் இறங்கும். இந்த இரண்டையும் முடித்து மறுநாள் சாதாரணமாக டூட்டிக்குப் போக முடிந்தால் 30 மைல் உங்களால் முடியும்.

சராசரி 11 என்றால் 30 மைலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கஃபேயில் முக்கால் மணி, நடுவில் நின்று சேர்ந்துகொள்ளும் நேரம் எல்லாம் சேர்த்தால் வீடு திரும்ப மதியம் ஒன்றரை ஆகும். வீட்டில் அப்படியே சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு நல்ல விஷயம், கௌவர் இருப்பது ஸ்வான்சீக்கு மேற்கே, இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும். போகும்போது எதிர்க்காற்றில் கஷ்டப்பட்டாலும், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆகவே போகும் வழியில் பின்தங்கினால் பதறாதீர்கள்.

தொந்தரவு ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். மெதுவாகப் போகிறவரால் குழுவுக்குத் தொந்தரவே இல்லை. அதற்காகத்தான் மேட்டு உச்சியில் நிற்கிறோம், கடைசியில் ஒருவர் காவலாக வருகிறார். தொந்தரவு என்றால் அது அடுத்த நொடி என்ன செய்வார் என்று கணிக்க முடியாதவரால்தான். திடீரென பிரேக் பிடிப்பது, பள்ளத்தைக் கண்டு சொல்லாமல் சட்டென்று ஒதுங்குவது, பேச்சு சுவாரசியத்தில் வளைந்து வளைந்து ஓட்டுவது, இவைதான் ஆளை விழவைக்கும். நேர்கோட்டில், ஒரே சீராக ஓட்டப் பழகுங்கள். குழுவில் ஓட்ட அதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

இதில் ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வரவே கூடாது. இரண்டும் உரசினால் முன்னால் போகிறவருக்கு லேசாக ஆடும், பின்னால் இருப்பவர்தான் விழுவார். என் முதல் வருடத்தில் நான் விழுந்ததும் அப்படித்தான், மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். அனுபவக்காரர்கள் ஒட்டி ஓட்டுவதைப் பார்த்து நீங்களும் ஒட்டாதீர்கள். ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். பின்னால் வருபவர் யாரும் தவறாக நினைக்கமாட்டார்.

குழுவில் சத்தம் போட்டுத் தகவல் சொல்லிக்கொண்டே போவார்கள். 'ஹோல்' என்றால் குழி, 'ஸ்டாப்பிங்' என்றால் நிற்கப் போகிறோம், 'சிங்கிள் அவுட்' என்றால் இருவர் இருவராகப் போவதை விட்டு ஒற்றை வரிசைக்கு வர வேண்டும். 'கார் பேக்' என்றால் பின்னால் கார் வருகிறது. குழப்பம் 'கார் அப்'பில்தான். சில கிளப்புகளில் அதற்கு முன்னால் கார் என்று அர்த்தம், சில கிளப்புகளில் பின்னால் கார். கிளம்பும்போதே லீடரிடம் கேட்டுவிடுங்கள். முன்னால் போகிறவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு பக்கமாக வீசினால், நிற்கிற வண்டியையோ நடந்து போகிறவரையோ தாண்ட அந்தப் பக்கம் விலகுகிறோம் என்று பொருள். காதில் விழுந்ததை, கண்ணில் பட்டதை நீங்களும் பின்னால் கடத்த வேண்டும். கூச்சப்பட்டு முழுங்கிவிடாதீர்கள்.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது சட்டப்படி சரியா என்று பலர் கேட்பார்கள். சரிதான். 2022 ஜனவரியில் திருத்திய 'ஹைவே கோட்' என்ற பிரிட்டனின் சாலை விதி நூல், பெரிய குழுவாகப் போகும்போதும் அனுபவம் குறைந்தவர்கள் கூட வரும்போதும் அப்படிப் போவது பாதுகாப்பானதாக இருக்கலாம் என்றே சொல்கிறது. பின்னால் வரும் வண்டி பாதுகாப்பாக முந்த வழிவிட வேண்டியது நம் பொறுப்பு. 30 மைல் வேகம் வரை வரும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட்டு முந்த வேண்டும் என்பதும் அதே நூலில் இருக்கிறது. வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பெரும்பாலான தெருக்களில் 20 மைல்தான் வரம்பு. அது வந்த பிறகு ஊரைத் தாண்டும் அந்த முதல் அரை மணி நேரம் மனசுக்கு ரொம்ப லேசாகிவிட்டது.

கௌவருக்குள் நுழைந்ததும் சாலையின் குணம் மாறும். இரு புறமும் ஆளுயரச் செடி வேலி, நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அகலம். டிராக்டர் வந்தால் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். பொதுநிலங்களில் ஆடும் மாடும் குதிரைகளும் வேலியில்லாமல் சாலையிலேயே நிற்கும். அவை வெளியே போகாமல் தடுக்கத்தான் 'கேட்டில் கிரிட்' என்ற கால்நடைத் தடுப்பு. சாலைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். அதைக் கடக்கும்போது ஹேண்டிலை நேராக வைத்து, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, கம்பியின் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமலும் திரும்பாமலும் தாண்டுங்கள். மழை பெய்திருந்தால் இறங்கி ஓரத்தில் உள்ள கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. இறக்கங்களில் 'ஸ்லோ' என்பதோடு 'அராவ்' என்று வெல்ஷ் மொழியிலும் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதற்கும் மெதுவாக என்றே பொருள். ஈரத்தில் அந்தப் பெயின்ட்தான் வழுக்கும், எழுத்தின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

கொண்டுவர வேண்டியது அதிகமில்லை. உங்கள் டயர் அளவுக்கு ஒரு டியூப் அவசியம். அளவு டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். வால்வும் பொருந்த வேண்டும்: சில ஹைபிரிட்டில் கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு, சிலவற்றில் மெல்லிய வால்வு. மாட்டத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கூட வருபவர்கள் மாட்டித் தருவார்கள். ஆனால் உங்கள் அளவு டியூபை யாரும் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்கள் முடிந்து செப்டம்பரில்தான் விவசாயிகள் வேலி வெட்டத் தொடங்குவார்கள். வெட்டிய முள் எல்லாம் சந்துச் சாலையில் கிடக்கும். இலையுதிர் காலத்தில் இரண்டு டியூப் கொண்டுவாருங்கள்.

மழைக் கோட் எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். மட்கார்டு மாட்டுங்கள், உங்களுக்காக மட்டுமல்ல, பின்னால் வருபவர் முகத்தில் சேறு அடிக்காமல் இருக்கவும்தான். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணிய வேண்டும், இல்லாவிட்டால் தையல் உரசிப் புண்ணாகும். மேலே டிராக் பேன்ட் போட்டுக்கொண்டால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஹெல்மெட் இங்கே சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் பல கிளப்புகள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். நானும் சேர்க்கமாட்டேன்.

சாப்பாட்டில் பலர் கோட்டை விடுவது கிளம்புவதற்கு முன்புதான். ஏழரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், இட்லி என்றால் அருமை. பையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய். கஃபே வரும்வரை எதுவும் சாப்பிடாமல் இழுக்காதீர்கள், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாய் போடுங்கள். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால் வெல்ஷ் கேக்கைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், பழைய முறையில் அதைப் பன்றிக் கொழுப்பில் பிசைவார்கள், முட்டையும் உண்டு.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வரி: முதல் இரண்டு மூன்று வாரம் விருந்தினராக வரலாம், அதற்கு மேல் உறுப்பினராகுங்கள் என்பது பல கிளப்புகளின் வழக்கம். 'சைக்கிளிங் யூகே' என்ற சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான அமைப்பில் உறுப்பினராக இருந்தால், உங்களால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் அதிலேயே வந்துவிடும்.

அப்புறம், போகும் முன் லீடருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். முதல் முறை வருகிறேன், ஹைபிரிட், இதுவரை அதிகபட்சம் இத்தனை மைல் ஓட்டியிருக்கிறேன் என்று எழுதி, எத்தனை பெரிய ஏற்றம், எங்கெங்கே நின்று சேர்ந்துகொள்வீர்கள், பாதியில் திரும்ப வேண்டுமென்றால் எந்த இடத்தில் சுலபம் என்று மூன்றையும் கேளுங்கள். பதிலில் அக்கறை தெரிந்தால் தைரியமாகப் போங்கள். 'வந்து பாருங்க' என்று ஒரு வரியில் முடித்தால் வேறு கிளப் தேடுங்கள். பெண்கள் மட்டும் போகும் ரைடில் தொடங்க விருப்பம் என்றால் 'பிரிட்டிஷ் சைக்கிளிங்' என்ற அமைப்பு நடத்தும் 'ப்ரீஸ்' ரைடுகள் உங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நீங்கள் நர்ஸ் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நைட் டூட்டி முடித்து நேராக ரைடுக்கு வராதீர்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவருக்கும் நடுவில் உள்ள தூரம் சரியாகத் தெரியாது. அந்த வாரம் வரவில்லை என்று லீடருக்குச் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்குங்கள்.