தீவிர அறிவியல் புனைவு ரசிகர்கள் ஏன் எப்போதும் குறையே சொல்கிறார்கள்?

பிடிக்காவிட்டால் பார்க்காமல் விடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காதவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாற்பது முறை பார்ப்பவர் கண்ணில்தான் ஓட்டை படும்.

ஸ்டார் வார்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் வந்த முதல் படத்தில் ஹான் சோலோ என்ற கடத்தல்காரன், தன் விண்கப்பல் கெசல் ரன் என்ற கடத்தல் பாதையை 12 பார்செக்குக்குள் முடித்தது என்று பீற்றிக்கொள்வான். பார்செக் என்பது நேரமல்ல, தூரம், சுமார் 3.26 ஒளியாண்டு. ஓட்டப்பந்தயத்தை 'பன்னிரண்டே கிலோமீட்டரில்' முடித்தேன் என்பது மாதிரிதான். ரசிகர்கள் விடுவார்களா? கருந்துளைகளை ஒட்டிக் குறுக்குவழியில் போனான், அதனால் தூரம் குறைந்தது என்று சமாதானம் பிறந்தது. 2018-இல் வந்த சோலோ படம் அந்தக் குறுக்குவழியைக் காட்சியாகவே எடுத்தது. 41 வருட நச்சரிப்புக்குக் கிடைத்த பதில்!

இந்த வகைக் கதை தன் உலகத்துக்குத் தானே விதி போடுகிறது. விதி என்று வந்துவிட்டால் மீறலை எண்ண ஆள் வந்துவிடும். காதல் படத்தில் இதையெல்லாம் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

இன்னொன்று, உரிமை உணர்வு. மூலப் படத்தில் மதுக்கடையில் தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை ஹான்தான் சுடுவான். 1997 மறுவெளியீட்டில் கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றினார் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ். ஒரு நொடி விஷயம்தான். ஆனால் சுயநலக்காரன் மெல்ல நல்லவனாகும் கதை அதில் நீர்த்துப்போகிறது. எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. நடிகர்களைத் திட்டித் துரத்துவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.