பிணவறை வேலை என்று ஒதுக்காதீர்கள்

எம்.பி.பி.எஸ். முடித்த மகள், முதுநிலை கவுன்சலிங்கில், பிரேதப் பரிசோதனை செய்யும் துறையான தடயவியல் மருத்துவத்தை முதல் விருப்பமாகப் போடப் போகிறாளாம். பெற்றோர் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி படிப்புக்காக நிலத்தை விற்கத் தயார். "பொண்ணுக்குப் பிணவறை வேலையா? யார் கட்டிக்குவாங்க?" என்று பெரியப்பா வீட்டில் கேட்கிறார்களாம். மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான்.

முதலில் பணம். நிலம் விற்றதுபோக 50 லட்சம் கடன் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 10 சதவீத வட்டி என்று வைத்தாலே வருடத்துக்கு 5 லட்சம் வட்டிக்கு மட்டும் போகும். அதுவும் அவள் கேட்காத படிப்புக்கு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அவள் கேட்பதோ, ரேடியாலஜிக்கு இருக்கும் போட்டியில் பாதிகூட இல்லாத, அரசுக் கல்லூரியிலேயே கிடைக்கக்கூடிய மூன்று வருட எம்.டி. படிப்பு.

அந்த வேலை என்னவென்று பார்ப்போம். பிரிட்டிஷ் காலத்தில் மும்பை, கல்கத்தா நகரங்களில் சந்தேக மரணங்களை விசாரிக்க கரோனர் என்று தனி அதிகாரி இருந்தார். 1871-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. மும்பையில் அந்தப் பதவி 1999 வரை நீடித்தது. இப்போது போலீஸ்தான் முதலில் வருகிறது. உள்ளூர்க்காரர்கள் குறைந்தது இரண்டு பேரை வைத்துக்கொண்டு, உடலில் என்ன காயம், எதனால் இறந்ததாகத் தெரிகிறது என்று அறிக்கை எழுதுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 194. திருமணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை. போலீஸ் காவலில் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரணை. இவர்களில் யாரும் டாக்டர் இல்லை. எப்படிச் சாவு வந்தது என்பதற்கு எல்லோரும் எதிர்பார்ப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையைத்தான்.

தூக்கு மாட்டிக்கொண்டதாகச் சொல்லி ஒரு பெண்ணின் உடல் வருகிறது என்று வையுங்கள். கழுத்துத் தடம் தாடைக்குக் கீழே சாய்வாக மேலேறி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருந்தால் அது பொதுவாகத் தூக்கு. கிடைமட்டமாக முழு வளையமாக இருந்தால், யாரோ கயிற்றால் இறுக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். தோலைப் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. மண்டையையும் மார்பையும் முதலில் திறந்து ரத்தத்தை வடியவிட்டு, கழுத்தைக் கடைசியில்தான் அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே கழுத்தில் கத்தி வைத்தால், வெட்டும்போது கசியும் ரத்தமே பழைய காயம்போலத் தெரியும். அப்புறம் நாவடி எலும்பு, குரல்வளைக் குருத்தெலும்பு, தசைக்குள் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். தீயில் கருகிய உடல் என்றால் மூச்சுக்குழாயில் புகைக்கரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், நெருப்பு பிடித்தபோது அந்த மனிதர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

இத்தனை நுணுக்கமான வேலையைப் பல சின்ன அரசு மருத்துவமனைகளில் தனிப் பயிற்சி இல்லாத டியூட்டி டாக்டர்கள் புறநோயாளிகளைப் பார்ப்பதற்கு நடுவே செய்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பத்துக்கு நியாயமே கிடைக்காமல் போகலாம். 2020-இல் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கு நினைவிருக்கிறதா? கொலை வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னபோது, அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் முக்கியமானது பிரேதப் பரிசோதனை அறிக்கை.

இறந்தவர்களோடு மட்டும் இந்த வேலை முடிவதில்லை. காயச் சான்று, எக்ஸ்ரே பார்த்து வயது கணிப்பது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிப்பது எல்லாம் இதில் வரும். போக்சோ சட்டப்படி பாதிக்கப்பட்டது பெண் குழந்தை என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். "பொண்ணுக்கு எதுக்கு?" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். கிளினிக் வைத்துச் சம்பாதிக்க வழியில்லை. நாற்றம் உண்டு, பல பிணவறைகளில் வசதி குறைவு. எப்போதோ செய்த பரிசோதனைக்குப் பல வருடம் கழித்து கோர்ட் சம்மன் வரும். கூண்டில் ஏறி குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். அறிக்கையை மாற்றச் சொல்லி நெருக்கடி வரலாம். இதையெல்லாம் அவளிடம் நேராகக் கேளுங்கள். பயிற்சி டாக்டராக இருந்தபோதே பிணவறைக்கு விரும்பிப் போய் நின்றவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கு இது புதிதாக இருக்காது. வருமானத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை இருந்தாக வேண்டும் என்பதால் ஆசிரியர் பணிக்குத் தேவை தொடர்ந்து இருக்கிறது.

கல்யாணப் பேச்சை இதில் கலக்காதீர்கள். வேலையைக் காரணம் காட்டி விலகும் வீட்டில் அவளைக் கொடுக்கவே வேண்டாம்.

சரி, இனி உருப்படியாகச் செய்ய வேண்டியது கல்லூரி தேர்வு. போலீஸ் வழக்கு உடல்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்குத்தான் போகும்; பல தனியார் கல்லூரிகளில் இந்தத் துறை இருந்தும் மேசைக்கு உடல் வராது. அதனால் விருப்பப் பட்டியலை நிரப்பும் முன் ஒவ்வொரு கல்லூரியிலும் இப்போது படிப்பவர்களிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: அங்கேயே பிரேதப் பரிசோதனை நடக்கிறதா, மாணவர்கள் கையாலேயே செய்ய விடுகிறார்களா, பேராசிரியர்கள் கோர்ட்டுக்குப் போகும்போது கூட்டிப்போகிறார்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லும் அரசுக் கல்லூரியை முதலில் போடட்டும், ஊர் தூரமாக இருந்தாலும்.