பிள்ளையிடமே சொல்லுங்கள்: ஆஸ்துமா கேள்வி பதில்

மழைக்காலச் சளியைப் பற்றிப் போன இதழில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீசிங் பற்றியவைதான். கரூரில் குழந்தை மருத்துவராக இருப்பவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை; பஞ்சுத் தூசியும் கொசுவர்த்திப் புகையும் எனக்கு நோயாளிகளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. எல்லாரும் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிள்ளையிடம் பேசியதாக யாருமே எழுதவில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. அடிக்கடி வீசிங் வரும். ஆஸ்துமாதான் என்று சொல்லி, தினமும் பம்ப் (இன்ஹேலர்) எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "பிள்ளைகிட்ட நோய் பேரைச் சொல்லாதே, பயந்துடும். வெளியில தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகாது" என்கிறார் மாமியார். வைட்டமின் மருந்து என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இது சரியா? – ஒரு தாய், நாமக்கல்

சரியில்லை அம்மா. வைட்டமின் என்றால் ஒரு நாள் விட்டால் என்ன என்றுதான் அவள் நினைப்பாள். பள்ளியில் மூச்சு வாங்கும்போது டீச்சரிடம் என்ன கேட்பது என்றும் அவளுக்குத் தெரியாது.

ஏழு வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியும். என் அறையில் நான் செய்வது இதுதான். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போடுவேன். முதல் வட்டம் நல்ல நாளில் நெஞ்சுக்குள் காற்று போகிற குழாய். இரண்டாவதும் அதே குழாய்தான், ஆனால் இளைப்பு வந்த நாளில். அதன் உள்சுவர் வீங்கியிருக்கும்; சிவப்புப் பென்சிலைக் கொடுத்து அதைப் பிள்ளையையே தடிமனாக்கச் சொல்வேன். உள்ளே கொஞ்சம் சளி. அதற்குப் பெரும்பாலும் பச்சைதான் கேட்பார்கள். வெளியே சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, அதற்கு அம்புக்குறி. "இப்ப காத்து போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, காட்டு" என்றால் பென்சில் முனையை நடுவில் வைத்து, "இத்துனூண்டு" என்பார்கள். பாடம் முடிந்தது.

அப்புறம் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை அம்மாவிடம் கொடுப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஸ்ட்ரா வழியாக மட்டும் நான்கைந்து முறை மூச்சு விட வேண்டும். அம்மாவின் முகம் மாறுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சிறுமி, "இப்ப தெரியுதா?" என்று அம்மாவைக் கேட்டே விட்டாள். உங்கள் மாமியாரிடமும் ஒரு ஸ்ட்ரா கொடுத்துப் பாருங்கள்.

படம் புரிந்துவிட்டால் இரண்டு பம்ப் எதற்கு என்பதும் புரியும். நீல பம்ப், அதாவது சால்பியூட்டமால், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு மணி நேரம் போல வேலை செய்யும், அவ்வளவுதான். வீக்கத்தை அது தொடாது. தினமும் எடுக்கிற இன்னொரு பம்ப், அதாவது பிரிவென்டர் என்கிற ஸ்டீராய்டு பம்ப்தான் வீக்கத்தைக் குறைக்கும். அதற்கு நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். "இது இப்போதைக்கு, அது எப்போதைக்கும்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இளைப்பு அடங்கிய மறுநாள், அவள் நல்லபடியாக இருக்கும்போது, "நேத்து முதல்ல என்ன மாதிரி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு ஒரு முன்னறிகுறி உண்டு. ஒருத்தனுக்கு மோவாயில் அரிக்கும். ஒருத்தி, "நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி வந்துடுச்சு" என்பாள். ராத்திரி இருமல், கொட்டாவி, விளையாட்டை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்வது என்று எதுவாகவும் இருக்கலாம். அவள் சொல்லும் வார்த்தையை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். "பூனைக்குட்டி" என்றதுமே பாட்டி நீல பம்பை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

கல்யாணக் கவலைக்கும் ஒரு வார்த்தை. கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா வெளியில் தெரியவே தெரியாது. பம்பை மறைத்து மறைத்து, ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருந்தால்தான் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

மகனுக்குப் பத்து வயது. நீல பம்ப் போதும், தினமும் எடுக்கிறது வேண்டாம், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்கிறான். எங்களுக்கும் ஸ்டீராய்டு என்றால் பயம்தான். பழகிவிடாதா? – ஒரு தந்தை, திருப்பூர்

உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் மகன் பேசுகிறான்.

பம்பில் வரும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராம். இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் மாத்திரையின் அளவு மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். சின்ன அளவுக்குப் பயந்து பெரிய அளவை வாங்கிக்கொள்கிறோம். வளர்த்தி குறையுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறையலாம். அமெரிக்காவில் சில ஆண்டுகள் தினமும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு பம்ப் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். எடுக்காதவர்களைவிட இவர்கள் உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு என்று 2012-இல் வெளியிட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ராத்திரித் தூக்கம், பள்ளிக்கூடம், ஓட்டம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து நீங்களே நிறுத்துப் பாருங்கள். பழகிவிடும் என்பதில் உண்மை இல்லை. பிள்ளை நன்றாக இருந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். தானாக நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது மகன். "நல்லாத்தானே இருக்கேன்" என்பவனோடு வாதாடிப் பயனில்லை. அவன் கையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுங்கள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். ஊதினால் முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். நின்றுகொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருமல் எதுவும் இல்லாத இரண்டு வாரத்தில் வந்த மிக உயர்ந்த எண்தான் அவனுடைய சாதனை. அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு. பையன்களுக்கு ஸ்கோர் பிடிக்கும். பிரிவென்டரை ஒரு வாரம் விட்டவனின் எண் 280-இலிருந்து 210-க்கு இறங்கினால் அவனே கணக்குப் போட்டுக்கொள்வான், 75 சதவீதம், மஞ்சள் என்று. நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

பிரிவென்டரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். முதலில் பம்ப், பிறகு பிரஷ். மறக்காது, வாயும் கொப்பளித்த மாதிரி ஆகும். கொப்பளிக்காமல் விட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியலாம். பத்து வயதில் அவனே எடுக்கட்டும், ஆனால் உங்கள் கண்முன்னால். காற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு "எடுத்தாச்சு" என்று வருகிற கில்லாடிகளை எனக்கு நன்றாகத் தெரியும். குலுக்க வேண்டும், ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) மாட்ட வேண்டும், ஒரே ஒரு தட்டு, மெதுவாக ஐந்தாறு மூச்சு. இரண்டாவது தட்டுக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் மருந்து ஸ்பேசர் சுவரோடு போய்விடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காற்றிலேயே காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி, மருந்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீல பம்ப் எடுக்கும் நாளைக் காலண்டரில் அவனே வட்டமிடட்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வட்டம் விழுந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற விதி அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவியின் பம்ப், அலுவலக அறை பீரோவில் பூட்டியிருக்கிறது. எனக்கு அதை எப்படிக் கொடுப்பது என்றும் தெரியாது. மற்ற பிள்ளைகள் "ஒட்டிக்கும்" என்று ஒதுங்குகிறார்கள். – ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. தலைமையாசிரியர் சாவியோடு கூட்டத்துக்குப் போன நாளில்தான் பிள்ளைக்கு மூச்சு முட்டும். பதினொரு வயதுப் பிள்ளை நீல பம்பையும் ஸ்பேசரையும் தன் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் சொல்லி, டாக்டர் எழுதிய ஒரு பக்கத் திட்டத்தை வாங்கி வகுப்புப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள்.

திட்டத்தில் தனியாக ஒன்றும் எழுதவில்லை என்றால், ஆஸ்திரேலியப் பள்ளிகளில் சொல்லித்தரும் நான்கு நான்கு முறையை நினைவில் வையுங்கள். நேராக உட்கார வையுங்கள், படுக்க விடாதீர்கள். நீல பம்பில் நான்கு தட்டு. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்பேசர் வழியாக நான்கு மூச்சு. நான்கு நிமிடம் காத்திருங்கள். சரியாகாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு மறுபடி நான்கு தட்டு. ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடருங்கள். முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை சோர்ந்து கண் சொருகினாலோ, காத்திருக்காமல் முதலிலேயே 108. விசில் சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறினால் அதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

ஒட்டாது என்பதை அந்த மாணவியே வகுப்பில் சொல்லட்டும், அவளுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும். வட்டப் படத்தைக் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். பலகையை ஈரத் துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூசி பறக்காது, இன்னும் நல்லது.

வாழைப்பழம், தயிர் கொடுக்கலாமா? ராத்திரி கொசுவர்த்தி இல்லாமல் தூங்க முடியவில்லை. – வாசகி, சிதம்பரம்

கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டு ஒவ்வொரு முறையும் இளைப்பு வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டியது கொசுவர்த்தியைத்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. தயிரை மூடி வைத்துவிட்டுச் சுருளைப் பற்றவைக்கிறோம்! கொசுவலை கட்டுங்கள். எங்கள் ஊர்த் தொழில் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

பேரனை ஹைதராபாத் மீன் பிரசாதத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். பலன் உண்டா? – ஒரு தாத்தா, ஓசூர்

ஜூன் மாதம் மிருகசீரிட நாளில் விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுப்பதைத்தானே கேட்கிறீர்கள் ஐயா? அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் இல்லை. உயிருள்ள மீன் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்ற பயமும் எனக்கு உண்டு. நான் என்றால் போக மாட்டேன். அதைவிடப் பெரிய பயம், திரும்பி வந்ததும் "இனி பம்ப் வேண்டாம்" என்று பேரனிடம் சொல்லிவிடுவீர்களோ என்பது. தாத்தா சொன்னால் நம்புவான்.

டாக்டர் ஆன்ட்டி, எனக்கு ஆஸ்துமா இருக்கு. 400 மீட்டர் ஓட்டத்தில் சேர ஆசை. அம்மா வேண்டாம்னு சொல்றாங்க. நான் ஓடலாமா? – ஏழாம் வகுப்பு மாணவன், தென்காசி

ஓடலாம் தம்பி. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் என்ற அக்காவுக்குப் பதினான்கு வயதிலேயே ஆஸ்துமா. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடினார். பெண்களுக்கான அந்த உலக சாதனை 2019 வரை நின்றது.

பம்ப் அடிப்பதைக் கூச்சமாக நினைக்கிறாயா? அது வந்த கதையைக் கேள். 1955-இல் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, கண்ணாடிக் குழலில் ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி மருந்து எடுத்துச் சலித்துப்போய், "தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதைச் செய்ய முடியாதா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஒரு மருந்துக் கம்பெனித் தலைவர். அடுத்த ஆண்டே பம்ப் வந்துவிட்டது. உன் வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி அது.

இனி நீ செய்ய வேண்டியது. தினசரி பம்பை விடாதே. ஓடுவதற்கு முன் நீல பம்ப் எடுக்க வேண்டுமா என்று உன் டாக்டரைக் கேள். எடுக்கச் சொன்னால் பதினைந்து நிமிடம் முன்னால் எடு. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள். சளி பிடித்த அன்றும், பக்கத்தில் குப்பை எரிகிற அன்றும் ஓட வேண்டாம். மூச்சு வாங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கப் பார்க்காதே. நின்று, பம்ப் எடுத்து, உட்கார். நீல பம்ப் இல்லாமல் ஒரு நாளும் ஓடவே முடியவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் சொல். பம்ப் எந்தப் பையில் இருக்கிறது என்று பி.டி. சாருக்கும் கூட ஓடும் ஒருவனுக்கும் தெரிந்திருக்கட்டும். இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. அம்மா கேட்கும் கேள்விக்கெல்லாம் நீயே பதில் சொல்லிப் பார். எதற்காவது தெரியவில்லை என்றால் எனக்கு எழுது.