லண்டன் சுவரும் நம்ம ஊர்க் கோட்டையும்

கேள்வி: மகன் வீட்டுக்கு லண்டன் போகிறேன். ரோமானியர்கள் கட்டியது ஏதாவது அங்கே மிச்சம் இருக்கிறதா சார்? எனக்கு மூட்டுவலி, ரொம்ப நடக்க முடியாது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: இருக்கிறது ஐயா. டவர் ஹில் சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே சுவர். கி.பி. 200 வாக்கில் கட்டியது. அண்ணாந்து பார்க்காதீர்கள், மேற்பகுதி பிற்காலத்து வேலை. அடியில் பாருங்கள். கென்ட் பகுதியிலிருந்து வந்த சாம்பல் கல் சில வரிசை, நடுவே பட்டையாகச் சிவப்பு ஓடு, மறுபடியும் கல். வேலூர்க் கோட்டையின் பெரிய பெரிய கருங்கல்லைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு முதலில் ஏதோ ஒட்டுப்போட்டது மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த ஓடுதான் சுவரை மட்டம் பிடித்து இறுக்கிக் கட்டுகிறது. சும்மா அழகுக்கு வைத்ததில்லை.

அப்புறம் லண்டன் நகர நிர்வாகத்தின் பழைய மண்டபமான கில்ட்ஹாலின் முற்றம். தரையில் வளைந்து ஓடும் கறுப்புக் கோடு ஒன்றைத் தேடுங்கள். 1988-ல் அதன் அடியில் கண்டுபிடித்த ரோமானிய வட்டரங்கின் எல்லை அது. மேலே ஆபீஸ் ஆட்கள் காபியும் கையுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

ரோமானியர்கள் வணங்கிய மித்ராஸ் என்ற கடவுளின் கோயில் 1954-ல் கிடைத்தது; இப்போது ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. கட்டணம் இல்லை. முன்பதிவை மட்டும் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.