கே எழுத்துச் சொற்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். அகராதி வரிசையில் தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். இப்போது கே எழுத்துக்கு வந்திருக்கிறோம். மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டால் இதில் சொற்கள் மிகக் குறைவு. ஏன் என்று தெரியவில்லை. ‘நைஃப்’ என்பதற்கு முன்னால் கே எழுதிவிட்டு அதை ஏன் சொல்லாமல் விடுகிறோம் என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ‘கைண்ட்’ என்றால் ‘அன்பான’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பாடத்தில் ‘வாட் கைண்ட் ஆஃப் அனிமல்’ என்று வந்தபோது ‘என்ன அன்பான விலங்கு’ என்று எழுதினார்கள். இப்படிப் பொருள் எழுதிக் கொடுப்பதில் பயன் இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயன் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்ற கணக்கை விட்டுவிட வேண்டும். அதற்குக் கே எழுத்தே நல்ல இடம். சொற்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றோடும் கொஞ்ச நேரம் தங்க முடியும்.

ஏன் குறைவு என்பதிலிருந்து தொடங்குகிறேன். லத்தீன் மொழியில் இந்த எழுத்து ஏறக்குறைய ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. ‘க’ ஒலிக்கு அவர்கள் சி எழுத்தையே பயன்படுத்தினார்கள். பழைய ஆங்கிலத்தை எழுதியவர்களும் அதையே பின்பற்றி, கிங், நீ (முழங்கால்), கீன் போன்ற சொற்களை எல்லாம் சி போட்டுத்தான் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு எழுத்து முறை உள்ளே வந்தது. அதில் இ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் வரும் சி, ‘ஸ’ என்று ஒலிக்கும். பழைய முறைப்படியே எழுதினால் கிங் என்பதை ‘சிங்’ என்று படித்துவிடுவார்கள். அதனால் அந்த இடங்களில் கே எழுத்தைக் கொண்டுவந்தார்கள். ஏ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன்னால் குழப்பம் இல்லாததால் அங்கே சி அப்படியே நின்றது. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான சொற்களும் சி பக்கமே போய்ச் சேர்ந்தன.

இந்த வரலாறு உங்கள் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளையும் குறைக்கும். கேட், காட், கட் என்பவற்றுக்குச் சி. கிட், கெட்டில், கிச்சன் என்பவற்றுக்குக் கே. அப்படியானால் கே எழுத்தை அடுத்து ஏ, ஓ, யூ வரும் சொற்கள் எவை? கங்காரு, கராத்தே, கயாக் படகு, கோலா விலங்கு, கரோக்கி என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே வெளியூர்ச் சொற்கள். எழுத்துக்கூட்டே ஊர் பெயரைச் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஒரு பிள்ளைக்கு இது புரிந்துவிட்டால் அகராதியின் பக்கம் அதற்கு நிலப்படமாகிவிடும்.

கங்காருவைப் பற்றி ஒரு கட்டுக்கதை இன்னும் உலவுகிறது. ‘இது என்ன விலங்கு’ என்று வெள்ளையர் கேட்டதாகவும், ‘தெரியாது’ என்று பழங்குடியினர் தம் மொழியில் சொன்ன பதிலே பெயராகிவிட்டதாகவும் அந்தக் கதை சொல்லும். தயவுசெய்து அதை வகுப்பில் சொல்லாதீர்கள். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் பவளப்பாறையில் மோதிச் சேதமடைந்து ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் பழுதுபார்க்கப்பட்டது. அங்கே வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களிடம்தான் அந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ஒரு வகைக் கங்காருவுக்கு ‘கங்குரு’ என்றே பெயர். 1970-களில் அந்த மொழியை ஆராய்ந்த ஜான் ஹேவிலண்ட் இதை உறுதிப்படுத்தினார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன மக்களை, விவரம் அறியாதவர்களாகக் காட்டும் கதை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

காக்கியைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பாரசீகத்தில் ‘காக்’ என்றால் மண், புழுதி. 1846-இல் பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படையினரிடமிருந்து அந்த மண்நிற உடை பரவியது. கெட்சப் என்பது முதலில் தென்சீனக் கடற்கரையின் ஹொக்கியன் மக்களுடைய மீன் ஊறல் சாறு. தக்காளி அதில் சேர்ந்தது மிகவும் பிற்காலத்தில். கெரசின் என்ற பெயரை 1854-இல் ஆப்ரகாம் கெஸ்னர் உருவாக்கினார். கிரேக்கத்தில் மெழுகைக் குறிக்கும் சொல் அதன் அடி. நம் ஊர்ப் பாட்டிமார் அதைக் ‘கிருஷ்ணாயில்’ என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

நம் சொற்களும் ஆங்கில அகராதியில் இருக்கின்றனவே, அவை கே எழுத்தில் வராதா என்று யாராவது கேட்கக்கூடும். கறியும் கட்டுமரமும் முன்னரே போய்விட்டதால் ஆங்கில வழக்கப்படி சி பக்கத்தில் இருக்கின்றன. கே பக்கத்தில் இருப்பது ‘கங்காணி’. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஊரிலிருந்து ஆள் பிடித்துச் சென்று, அவர்கள் தலைமேல் நின்று வேலை வாங்கியவரின் பெயர். கங்காணி என்ற அந்தச் சொல்லோடு, முன்பணக் கடனில் சிக்கிக் கப்பலேறிய குடும்பங்களின் துயரமும் அகராதிக்குள் போயிருக்கிறது. உங்கள் காவிரிப் படுகையிலிருந்தும் போனவர்கள் உண்டு. இந்தச் சொல்லுக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள்.

உங்கள் மாணவியின் கேள்வி அருமையானது. அந்தக் கே ஒரு காலத்தில் வாயால் சொல்லப்பட்டது. நீ, நைஃப், நைட் எல்லாம் க்ன என்றே தொடங்கின. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஒலி ஆங்கிலத்தில் தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது. முழங்காலை இன்றைக்கும் ஜெர்மானியர் ‘க்னீ’ என்று கே ஒலிக்கவே சொல்கிறார்கள். பொருளும் இப்படி நகரும். வீரனைக் குறிக்கும் நைட் பழைய ஆங்கிலத்தில் பையன், பணியாள். அயோக்கியனைக் குறிக்கும் நேவ் என்பதற்கும் அன்று பையன் என்றே பொருள். இரண்டு பையன்களில் ஒருவன் உயர்ந்தான், மற்றவன் தாழ்ந்தான். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

கைண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ‘வகை’, ‘அன்பான’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறப்பு, இயல்பு, இனம் ஆகியவற்றைக் குறித்தது. தன் இனத்தாரிடம் இயல்பாக நடந்துகொள்வது போல நடப்பவர் அன்பானவர் ஆனார். உறவைக் குறிக்கும் கின், மனித இனத்தைக் குறிக்கும் மேன்கைண்ட் எல்லாம் ஒரே குடும்பம். ஜெர்மன் மொழியில் ‘கிண்ட்’ என்றால் குழந்தை. 1840-இல் ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் தம் பள்ளிக்கு வைத்த கிண்டர்கார்டன் என்ற பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். முதலில் ‘இனம்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அன்புக்கு வாருங்கள். ‘என்ன அன்பான விலங்கு’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

கே எழுத்தில் நம் பிள்ளைகளை அதிகம் வழுக்கி விழச் செய்வது இவை எதுவும் அல்ல. ‘கீப்’ என்ற சின்னச் சொல்தான். அதற்கு நேராக ‘வை’ என்று எழுதிக் கொடுத்தோம். அதனால் புத்தகத்தை மேசைமேல் வை என்பதற்கும் ‘கீப்’ போடுகிறார்கள். அங்கே ‘புட்’ வர வேண்டும். கீப் என்பதில் விடாமல் நீடிப்பது என்ற கருத்து இருக்கிறது. வாக்கைக் காப்பாற்றுவது கீப், சும்மா இருப்பது கீப், கடையை நடத்துவது கீப், நடந்துகொண்டே இருப்பதில் வரும் ‘கொண்டே இரு’வும் கீப். கடன் வாங்கிய பேனாவை ‘நீயே வைத்துக்கொள்’ என்னும்போது ‘வை’யும் ‘கொள்’ளும் சேர்ந்தால்தான் கீப் வருகிறது.

ஆகவே தினம் பத்து வேண்டாம், மூன்று போதும். தமிழ்ச் சொல்லை எழுதும் இடத்தில் இரண்டு வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். ஒன்று பாடநூலிலிருந்து வரட்டும், மற்றொன்று அவர்கள் வீட்டு விஷயமாக இருக்கட்டும். கீப் என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் விட்டுவைத்து, புதிய பொருள் கண்ணில் படும்போதெல்லாம் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டு இறுதியில் அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.