பிலிப்பைன்ஸ் இலக்கியம் படிக்கத் தகலாக் கற்றாக வேண்டுமா?

கேள்வி: மகள் தவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். அடுத்த ஆண்டு நானும் போய்ச் சில மாதம் தங்குவதாக இருக்கிறேன். அதற்குள் அந்நாட்டு இலக்கியத்தைக் கொஞ்சம் படித்துவிட ஆசை. தகலாக் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டுமா? ஹோசே ரிசாலின் நாவலுக்கு ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றனவே, எதை வாங்கலாம்?

பதில்: தகலாக் தெரியாமலே தாராளமாகத் தொடங்கலாம். பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரான ரிசாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தகலாக் பேசி வளர்ந்தவர்தான். ஆனால் 'நோலி மே தாங்கெரே' (1887), 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' (1891) இரண்டையும் ஸ்பானிய மொழியில் எழுதினார். முதல் நாவல் பெர்லினில் அச்சானது. கையில் காசில்லாத நேரம். நண்பர் மாக்சிமோ வியோலா 300 பெசோ கடன் கொடுத்ததால் 2,000 பிரதிகள் வெளிவந்தன.

ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டும், சாதாரண மக்களிடம் ஸ்பானிய மொழி போய்ச் சேரவில்லை. பாதிரிமார் உள்ளூர் மொழிகளைத் தாங்கள் கற்றுக்கொண்டு அவற்றில் வேதம் சொன்னார்களே தவிர, தங்கள் மொழியைப் பரவலாகக் கற்றுத்தரவில்லை. ரிசாலின் இரண்டாவது நாவலில், ஸ்பானியம் கற்பிக்க ஒரு கழகம் வேண்டும் என்று மாணவர்கள் மனுக் கொடுத்து நடையாய் நடக்கிறார்கள். மொழி மறுக்கப்பட்டதன் கசப்பு அதில் நன்றாகத் தெரியும்.

1956இல் வந்த சட்டப்படி ரிசாலின் நாவல்கள் அங்கே கட்டாயப் பாடம். பிள்ளைகள் படிப்பது ஃபிலிப்பினோவிலோ (தகலாக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழி) ஆங்கிலத்திலோதான். ஆகவே மொழிபெயர்ப்பில் படிக்கிறோமே என்ற கூச்சம் உங்களுக்கு வேண்டியதில்லை.

சரி, முதல் நாவலான 'நோலி'யின் மொழிபெயர்ப்புகளில் எதை வாங்குவது? சார்லஸ் டெர்பிஷயர் 1912இல் செய்தது இணையத்தில் இலவசம், நடை பழையது. லியோன் மரியா கெரேரோவினுடையது சரளமாக ஓடும். ஆனால் மூலத்தில் நிறையவே கைவைத்திருக்கிறார். சோலெதாத் லாக்சன்-லோக்சின் மூலத்தை ஒட்டியே போகிறார். முதன்முறை படிப்பவருக்கு நான் சொல்வது பெங்குவின் 2006இல் வெளியிட்ட ஹெரால்டு ஆகன்பிராம் மொழிபெயர்ப்பு.

முதல் இருபது பக்கம் மெதுவாக நகர்ந்தாலும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு விருந்து வரும். தினோலா என்ற கோழி சூப் பரிமாறுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இளைஞன் இபார்ராவுக்கு நல்ல கறித்துண்டுகள். பாதிரியார் தாமாசோவின் தட்டிலோ சுரைக்காய்க்கு நடுவே ஒரு கழுத்தும் முரட்டு இறக்கையும். அவர் காயை மசித்துவிட்டு, கரண்டியை 'ணங்' என்று போட்டு, தட்டைத் தள்ளுகிறார். பின்னால் வரப்போகும் பகைக்கு அந்தத் தட்டிலேயே கோடு காட்டிவிடுகிறார் ரிசால்.

அப்புறம் ஆங்கிலத்திலேயே எழுதியவர்களுக்கு வாருங்கள். 1898இல் தீவுகள் அமெரிக்கா கைக்குப் போயின. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் கற்பிக்க வந்திறங்கினார்கள். 1925இலேயே பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் 'டெட் ஸ்டார்ஸ்' என்ற அருமையான ஆங்கிலச் சிறுகதையை எழுதிவிட்டார். ஒரே தலைமுறைதான்! அதன்பின் நிக் ஹோவாகினின் கதைகள். பழைய மணிலாவின் ஸ்பானிய வாசனை அவர் ஆங்கிலத்தில் அடிக்கும். கிராமமும் நிலப்பிரச்சினையும் வேண்டுமென்றால் ரோசாலெஸ் என்ற ஊரை ஒட்டிச் சியோனில் ஹோசே எழுதிய ஐந்து நாவல்கள்.

தகலாக்கின் பெருமை கவிஞர் பாலக்தாஸின் 'ஃபுளோரான்தே அத் லாவ்ரா' (1838). அடிக்குப் பன்னிரண்டு அசை, நான்கடிப் பாடல். கதை நடப்பது அல்பேனியாவில். ஓசையால் நிற்கும் காவியம் என்பதால் மொழிபெயர்ப்பில் பாதிச் சுவைதான். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு முந்தியது வாய்மொழி இலக்கியம். இலோக்கானோ மொழியின் லாம்-ஆங் காவியத்தில் குழந்தை பிறந்ததுமே பேசித் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிறது. இபுகாவ் என்ற மலைவாழ் மக்கள் நெல் அறுக்கும்போது ஹுத்ஹுத் என்ற கதைப்பாடல்களைப் பாடுவார்கள். எழுத்தில் கிடைத்த மிகப் பழையது இலக்கியமே இல்லை: 1989இல் லகுனா மாகாணத்தில் ஆற்றுமணல் அள்ளுகையில் கிடைத்த செப்பேடு, ஒரு கடன் தீர்வுப் பத்திரம். சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. மொழி பழைய மலாய், எழுத்து காவி என்ற பழைய ஜாவா எழுத்து. காவி நம் பல்லவர் காலக் கிரந்த எழுத்தின் வழிவந்தது.

மகள் இருக்கும் தவாவோவுக்கு வருகிறேன். அங்கே தெருவில் கேட்பது தகலாக் அல்ல, பெரும்பாலும் செபுவானோ. ஊரார் 'பிசாயா' என்பார்கள். நூற்றுக்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் 1937இல் தகலாக்கைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக்கியதில் செபுவானோக்காரர்களுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஆகவே நூல்களை ஆங்கிலத்தில் படியுங்கள். வாயில் கொஞ்சம் உள்ளூர் மொழி வேண்டுமென்றால் செபுவானோவைப் பழகுங்கள். 1930இல் தொடங்கிய 'பிசாயா' இதழ் தவாவோவில் கிடைத்தால் வாங்கி, அதிலுள்ள சிறுகதை ஒன்றை மகளின் வகுப்புத் தோழர் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.